அறிவியல் சொற்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். வருடா வருடம் பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மட்டும் அப்படியே வந்து நிற்கின்றன. அதில் பாதி அறிவியலில்கூட இல்லை, சொல்லில் இருக்கிறது. அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். முதலில் சுலபமானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கல்.

அறிவியல் வார்த்தை எல்லாம் ஏன் இவ்வளவு கஷ்டமா இருக்கு? மனப்பாடம் பண்ணிட்டா போதாதா?

மனப்பாடம் பரீட்சை வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அதைவிடச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தமிழ்க் கலைச்சொற்களில் நிறைய, இரண்டு மூன்று சின்னச் சொற்களை ஒட்டிச் செய்தவைதான். ஒளிச்சேர்க்கையில் ஒளி இருக்கிறது, சேர்க்கை இருக்கிறது. செடி ஒளியின் துணையோடு தண்ணீரையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து உணவு செய்கிறது, அவ்வளவுதான். 'மானி' என்று முடிந்தால் அளக்கிற கருவி: வெப்பநிலைமானி, காற்றழுத்தமானி. 'நோக்கி' என்று முடிந்தால் பார்க்கிற கருவி: தொலைநோக்கி, நுண்ணோக்கி. வினையூக்கி என்றால் வினையை ஊக்குவது. இப்படி ஒரு வால் தெரிந்தால் பத்துச் சொல் தானாகத் திறக்கும்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பவை இந்த நீளமான சொற்கள் இல்லை. வேலை, திறன், எடை, காரம், உப்பு என்று நாம் தினமும் புழங்குகிற சொற்கள்தான். தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய்விடுவோம், அறிவியலோ அதே சொல்லை ஒரே ஒரு பொருளுக்கு இறுக்கிக் கட்டி வைத்திருக்கும்.

நிறையும் எடையும் ஒண்ணுதானே? ரெண்டுக்கும் கிலோதானே போடறோம்?

பேச்சில் ஒன்றுதான், அறிவியலில் இரண்டு. ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பது நிறை, அதன் அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் புவி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பது எடை. விசை என்பதால் அதன் அலகு நியூட்டன். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை இங்கே சுமார் 588 நியூட்டன். அவரே நிலவுக்குப் போனால் எடை ஏறத்தாழ 97 நியூட்டனாக இறங்கிவிடும், நிறையோ அதே 60-தான். ஆள் இளைக்கவில்லை, இழுப்பு குறைந்திருக்கிறது.

கூடுதலாக ஒன்று. இரண்டு தட்டுள்ள தராசு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிடுவதால் நிலவிலும் சரியான நிறையையே காட்டும். சுருள்வில் எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்து அளக்கும் வில்தராசு குறைத்துக் காட்டும்.

இங்கேயே ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன், கீழே பல இடத்தில் உதவும். இரண்டு சொல் ஒன்று போலத் தெரிந்தால் அவற்றின் அலகு என்ன என்று கேளுங்கள். ஒன்றை இன்னொன்றாக மாற்றவே முடியாதபடி அலகு வேறு என்றால் சொல்லும் வேறு, சந்தேகமே வேண்டாம். இதை நான் அலகுச் சோதனை என்று சொல்வது வழக்கம்.

வெப்பம், வெப்பநிலை. ஒரு 'நிலை' கூட இருக்கு, அவ்வளவுதானே?

அந்த 'நிலை'யில்தான் எல்லாமே இருக்கிறது. அலகுச் சோதனை போட்டுப் பாருங்கள்: வெப்பத்துக்கு ஜூல், வெப்பநிலைக்கு டிகிரி செல்சியஸ் அல்லது கெல்வின். வெப்பம் என்பது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாயும் ஆற்றல். வெப்பநிலை என்பது ஒரு பொருளின் துகள்கள் சராசரியாக எவ்வளவு துடிப்பாக அசைகின்றன என்பதன் அளவு.

ஒரு குண்டூசியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சினால் அதன் வெப்பநிலை 600 டிகிரியைத் தாண்டும், தொட்டால் சுட்டுவிடும். ஆனால் அவ்வளவு சூடாக்க அதற்குக் கொடுத்த வெப்பம் சில பத்து ஜூல்தான். பத்து லிட்டர் தண்ணீரை வெறும் 10 டிகிரி சூடேற்றிப் பாருங்கள், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதற்குப் போனதோ ஏறத்தாழ 4,20,000 ஜூல். ஏனென்றால் ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றவே சுமார் 4,200 ஜூல் வேண்டும். வெப்பநிலை உயர்ந்த பொருளிடம் வெப்ப ஆற்றல் நிறைய இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது என்பது இதனால்தான். 'உடல் வெப்பம் 37 டிகிரி' என்று எழுதுவதும் தப்பு, உடல் வெப்பநிலை என்றுதான் எழுத வேண்டும்.

திடப்பொருளா திண்மமா? திரவமா நீர்மமா? எதை எழுதினா மார்க் வரும்?

இரண்டும் ஒன்றுதான். திண்மம் திடப்பொருள், நீர்மம் திரவம், வளிமம் வாயு. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே கடைசி வரை எழுதுங்கள். ஒரே விடையில் ஒரு வரி திரவம், அடுத்த வரி நீர்மம் என்று மாறினால் திருத்துகிறவர் இரண்டு வேறு பொருள் என்று நினைக்க இடம் உண்டு.

ஐஸ் கரைஞ்சுடுச்சுன்னு எழுதினேன், தப்புன்னு போட்டுட்டாங்க. ஏன்?

பேசும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் உருகுவதற்கு ஒரே ஒரு பொருள் போதும், கூடவே வெப்பம் வேண்டும்: பனிக்கட்டி திண்மத்திலிருந்து நீர்மமாகிறது. கரைவதற்கு இரண்டு பொருள் வேண்டும், ஒன்று இன்னொன்றுக்குள் பரவி ஒளிந்துகொள்ள வேண்டும். உப்பு குளிர்ந்த தண்ணீரிலேயே கரைந்துவிடும். அதே உப்பை உருக்க வேண்டுமானால் 801 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோக வேண்டும். இதைப் பார்த்தாலே இரண்டும் எவ்வளவு தூரம் விலகிய விஷயங்கள் என்று புரியும்.

கரைவது கரைபொருள், கரைக்க இடம் கொடுப்பது கரைப்பான், இரண்டும் சேர்ந்து கிடைப்பது கரைசல். சொல்லைப் பிரித்துப் பார்க்கிற வழி இங்கே ரொம்ப நன்றாக வேலை செய்கிறது.

தண்ணி 100 டிகிரியிலதானே ஆவியாகும்? அப்புறம் ஈரத் துணி எப்படிக் காயுது?

100 டிகிரி என்பது கொதித்தலுக்கான கணக்கு, அதுவும் கடல் மட்டக் காற்றழுத்தத்தில். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். மேற்பரப்பில் இருக்கும் துகள்களில் எது கொஞ்சம் வேகம் அதிகமாக வைத்திருக்கிறதோ அது தப்பித்துக் காற்றில் கலந்துவிடுகிறது, துணி காய்கிறது. கொதிக்கும்போது மேற்பரப்பில் மட்டும் இல்லாமல் உள்ளேயே குமிழி குமிழியாக நீர் ஆவியாகிறது. காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். எவரெஸ்ட் உச்சியில் தண்ணீர் 70 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

இதோடு வரும் இன்னொரு தப்பு: கொதிக்கும் தண்ணீருக்கு மேலே வெள்ளையாகப் புகை போலத் தெரிவதை நீராவி என்கிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து மறுபடி நீர்த்துளியானது. கெட்டில் மூக்கை உற்றுப் பாருங்கள், மூக்கின் வாயை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி வெறுமையாகத் தெரியும், நிஜமான நீராவி அங்கேதான் இருக்கிறது. தூரத்திலிருந்து பாருங்கள், கையை நீட்ட வேண்டாம்.

அணு, மூலக்கூறு, தனிமம், சேர்மம், கலவை... அஞ்சும் குழம்புது. ஒரே தடவையில புரியற மாதிரி சொல்லுங்க.

ஐந்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால்தான் குழம்புகிறது. இவை இரண்டு கூட்டம். அணுவும், அணுக்கள் பிணைந்து உருவாகும் மூலக்கூறும் துகளின் பெயர்கள். தனிமம், சேர்மம், கலவை மூன்றும் பொருளின் பெயர்கள். ஒரே வகை அணுக்களால் மட்டுமே ஆனது தனிமம். இன்றைக்குக் கணக்கில் 118 தனிமங்கள் இருக்கின்றன. வேறு வேறு தனிமங்களின் அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிமுறையில் பிணைந்தால் சேர்மம். பிணைப்பு எதுவும் இல்லாமல், எந்த விகிதத்திலும் சும்மா சேர்ந்திருந்தால் கலவை. காற்று கலவை, அதில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். தண்ணீர் சேர்மம், எங்கே எடுத்தாலும் ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு ஹைட்ரஜன்.

மூலக்கூறு என்றாலே சேர்மம் என்று ஓடிவிடாதீர்கள். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது ஆக்சிஜன் மூலக்கூறு, ஆனால் அது தனிமம்தான். ஹீலியமோ ஜோடி சேராமல் ஒற்றை அணுவாகவே திரியும். இன்னும் ஒரு படி உள்ளே போனால், சாப்பாட்டு உப்பு சேர்மம்தான், ஆனால் அதில் தனித்தனி மூலக்கூறு என்று எதுவும் இல்லை. சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற துகள்) மாறி மாறி அடுக்கிவைத்த மாதிரி நீண்டுகொண்டே போகும். இந்தக் கடைசி விஷயம் எட்டாம் வகுப்புக்குக் கொஞ்சம் அதிகம்தான், தெரிந்திருந்தால் பின்னால் இடறாது.

அணுவைப் பிளக்க முடியாதுன்னு ஒரு பாடத்துல, உள்ளே புரோட்டான் எலக்ட்ரான் இருக்குன்னு அடுத்த பாடத்துல. எது சரி?

இரண்டாவதுதான். முதலாவது ஒரு காலத்து நம்பிக்கை. ஆங்கிலத்தில் அணுவுக்கு வைத்த பெயரே 'வெட்ட முடியாதது' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். 1897-இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தார், 1911-இல் ரூதர்ஃபோர்டு நடுவே ஒரு கரு இருக்கிறது என்றார், 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். பெயர் பழையபடியே நின்றுவிட்டது. 'ஒரு தனிமத்தின் தன்மையைத் தாங்கி நிற்கும் மிகச் சிறிய துகள்' என்று எழுதினால் இன்றைக்கும் சரி. அதையும் உடைக்கலாம், ஆனால் உடைத்த பிறகு கையில் இருப்பது அந்தத் தனிமம் இல்லை.

காரம்னா மிளகாய்க் காரம்தானே? அதை எப்படி சோப்புல இருக்குன்னு சொல்றாங்க?

தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கென்றே வைத்த பொறி இது. சுவையைச் சொல்லும் காரம் வேறு, வேதியியல் காரம் வேறு. எழுத்து ஒன்று, அவ்வளவுதான். மிளகாயில் எரிவது கேப்சைசின் என்ற பொருள், அது நாக்கில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. வேதியியலில் காரம் என்பது அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள். கைபட்டால் சோப்பு போல வழவழப்பாக இருக்கும், கசப்புத் தன்மை உடையது, நீரில் கரைந்தால், கரைசல் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். மதிப்பு 7-க்கு மேல் போகும். நீரில் கரையும் காரத்துக்கு எரிகாரம் என்று தனிப்பெயர். அதில் வருகிற 'எரி' உண்மையான எச்சரிக்கை, வலுவான எரிகாரம் தோலைப் புண்ணாக்கிவிடும்.

உப்பிலும் இதே கதை. அமிலமும் காரமும் வினைபுரிந்தால் உப்பும் நீரும் கிடைக்கும், ஆனால் அந்த உப்பு சாப்பாட்டு உப்பாக இருக்க வேண்டும் என்று இல்லை. நீல நிற மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) வேதியியல் கணக்கில் உப்புதான், வாயில் வைத்தால் நஞ்சு. ஆய்வகத்தில் எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்று ஆசிரியர்கள் கத்துவதற்குக் காரணம் உண்டு.

செல் சின்னதா, அணு சின்னதா?

அணுதான், பக்கத்தில்கூட வர முடியாத வித்தியாசம். நம் உடலில் பல செல்களின் அகலம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். அந்த அகலத்தில் அணுக்களை வரிசையாக நிறுத்தினால் பல்லாயிரக் கணக்கில் நிற்கும். உயிருள்ளவற்றின் அடிப்படை அலகு செல், எல்லாப் பொருளுக்கும் பொதுவானது அணு. கல்லில் அணு உண்டு, செல் கிடையாது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்ததால்தான் அறை என்று பொருள்படும் சொல்லை வைத்தார். அவர் பார்த்தது உயிர் போன செல்களின் சுவரை மட்டும்.

செடி பகல்ல ஒளிச்சேர்க்கை செய்யும், ராத்திரி சுவாசிக்கும். சரிதானே?

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி அரைகுறை. செடி இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் வெளியே ஆக்சிஜன் வருவது மட்டும்தான் தெரிகிறது, சுவாசம் அதற்குள் மறைந்துபோகிறது.

இந்தக் குழப்பத்துக்கு வேர், சுவாசத்தையும் மூச்சையும் ஒன்று என்று நினைப்பது. மூச்சு விடுவது காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் வேலை, அதற்கு நுரையீரல் மாதிரி ஏதாவது வேண்டும். சுவாசம் செல்லுக்குள் நடக்கும் வேதிவினை: குளுக்கோஸ் சிதைந்து ஆற்றல் வெளிவருகிறது. செடிக்கு நுரையீரல் இல்லை, சுவாசம் உண்டு. ஈஸ்ட் ஆக்சிஜன் இல்லாமலேயே இதைச் செய்யும், அதற்குக் காற்றில்லாச் சுவாசம் என்று பெயர்.

வேகம், திசைவேகம். ரெண்டுக்கும் அலகு ஒண்ணுதானே, அப்போ உங்க சோதனை தோத்துப்போச்சே?

இதைக் கேட்ட பிள்ளையை எனக்குப் பிடித்தது. ஆமாம், இரண்டுக்கும் மீட்டர்/வினாடிதான். அலகுச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும்: அலகு வேறு என்றால் சொல் வேறு, ஆனால் அலகு ஒன்று என்பதால் சொல்லும் ஒன்று ஆகிவிடாது. இங்கே வித்தியாசம் திசையில் இருக்கிறது. வேகம் கடந்த தொலைவைப் பார்க்கும், திசைவேகம் இடப்பெயர்ச்சியைப் பார்க்கும், அதாவது கிளம்பிய இடத்திலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதை. 400 மீட்டர் ஓடுதளத்தை ஒரு சுற்று, 80 வினாடியில் ஓடி, கிளம்பிய கோட்டிலேயே வந்து நின்றால் சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர், சராசரி திசைவேகம் சுழி. மூச்சிரைக்க ஓடியதற்குச் சுழியா என்று கோபப்படாதீர்கள், அடுத்த கேள்வியில் இதைவிடப் பெரிய அநியாயம் வருகிறது.

பத்து கிலோ பையை ஒரு மணி நேரம் தூக்கிட்டு நின்னா வேலையே செய்யலைன்னு புத்தகம் சொல்லுது. கை வலிக்குதே?

வலிப்பது நிஜம்தான். ஆனால் இயற்பியலில் வேலை என்றால் விசையைப் பொருள் நகர்ந்த தூரத்தோடு பெருக்குவது, அதுவும் விசையின் திசையில் நகர்ந்த தூரம். பை நகரவில்லை, தூரம் சுழி, வேலையும் சுழி. கை வலிப்பது எதனால் என்றால், அசையாமல் பிடித்திருக்கும்போதும் தசைநார்கள் சுருங்கிச் சுருங்கி விட்டுக்கொண்டே இருக்கின்றன, அதற்கு உடலுக்குள் ஆற்றல் செலவாகி வெப்பமாகிறது. அந்த ஆற்றல் பைக்குப் போகவில்லை.

அதே பையை ஒரு மீட்டர் உயரே தூக்குங்கள், ஏறத்தாழ 98 ஜூல் வேலை. ஒரு வினாடியில் தூக்கினால் திறன் 98 வாட், பத்து வினாடி எடுத்துக்கொண்டால் 9.8 வாட், வேலை ஒன்றுதான், திறன் மாறுகிறது. ஆக விசைக்கு நியூட்டன், வேலைக்கும் ஆற்றலுக்கும் ஜூல், திறனுக்கு வாட். பேச்சில் திறன் என்றால் கெட்டிக்காரத்தனம், இங்கே ஒரு வினாடிக்கு எத்தனை ஜூல் என்பது மட்டும்தான். மின்சாரக் கணக்கில் வருகிற 'யூனிட்' கிலோவாட்-மணி. பெயரில் வாட் இருந்தாலும் அது திறன் இல்லை, 36 லட்சம் ஜூல் ஆற்றல்.

கனமான பொருள் மூழ்கும், லேசானது மிதக்கும்னு எழுதினா ஏன் பாதி மார்க்?

ஏனென்றால் பெரிய மரக்கட்டை மிதக்கிறது, குட்டி ஆணி மூழ்குகிறது. பார்க்க வேண்டியது அடர்த்தி, அதாவது ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை கிராம் என்பது. தண்ணீர் 1, பனிக்கட்டி சுமார் 0.92, இரும்பு 7.87, பாதரசம் 13.6. அந்தக் கணக்கில் இரும்பு ஆணியைப் பாதரசத்தில் போட்டால் மிதக்கும். இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்றால், உள்ளே அடைந்திருக்கும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மொத்த அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு.

'கனம்' என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. கனமான பெட்டி என்றால் பாரமான பெட்டி, ஆனால் கன அளவு என்றால் பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். கன அளவு அதிகம் என்று கேள்வியில் பார்த்ததும் பாரம் அதிகம் என்று விடை எழுதியவர்கள் நிறையப் பேர்.

கோட்பாடுன்னா இன்னும் நிரூபிக்காததுதானே? நிரூபிச்சா விதி ஆயிடும்தானே?

இல்லை, அது பதவி உயர்வு மாதிரி ஏறும் படி இல்லை. சோதித்துப் பார்ப்பதற்காக முன்வைக்கும் ஊகம்தான் கருதுகோள். என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாக, பெரும்பாலும் ஒரு சமன்பாட்டில், சொல்வது விதி. ஏன் அப்படி நடக்கிறது என்பதை நிறையச் சான்றுகளோடு விளக்குவது கோட்பாடு. நியூட்டன் 1687-இல் கொடுத்த ஈர்ப்பு விதி, இரண்டு பொருள் எவ்வளவு விசையோடு இழுத்துக்கொள்ளும் என்று சொன்னது. ஏன் இழுக்கின்றன என்று சொல்லவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் முடித்த பொதுச் சார்பியல் கோட்பாடு அந்த ஏனுக்கு வந்த விளக்கம். அது நாளைக்கு விதி ஆகப்போவதில்லை, ஆக வேண்டிய தேவையும் இல்லை.

ஆக்சிஜனா உயிர்வளியா? தமிழ்ப் பேர் எழுதினாத்தான் நல்லதா?

இரண்டும் நல்லது. வளி என்றால் காற்று, உயிருக்கு வேண்டிய காற்று உயிர்வளி. அர்த்தம் பளிச்சென்று தெரிகிறது. ஆக்சிஜன் என்ற பெயருக்கும் அர்த்தம் உண்டு, 'அமிலத்தை உண்டாக்குவது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பி வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று பிறகு தெரிந்தது, பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இலங்கைப் பாடப்புத்தகத்துல நிறைக்கு அலகு நியூட்டன்னு இருக்கு. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. அங்கே வழக்கு வேறு. நாம் நிறை என்பதை அவர்கள் திணிவு என்பார்கள், நாம் எடை என்பதை நிறை என்பார்கள். நமக்கு வேகம், திசைவேகம் என்றால் அவர்களுக்குக் கதி, வேகம். முடுக்கம் அங்கே ஆர்முடுகல், தனிமம் மூலகம், செல் கலம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, ஆற்றல் சக்தி. புதிதாகத் தெரியும் சொல் பிரச்சினை இல்லை, தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் புழங்கும் நிறையும் வேகமும்தான் சத்தமில்லாமல் காலை வாரும். காணொளியோ வினாத்தாளோ எந்த ஊரில் எழுதியது என்று தெரியாவிட்டால், நிறைக்குப் பக்கத்தில் கிலோகிராம் இருக்கிறதா நியூட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்துக்கு இந்த வழி உதவாது. கேள்வியில் திசையும் கேட்கிறார்களா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.